ஒரு துளி ரத்தம் போதும்... குழந்தைகளுக்கு ஈயப் பரிசோதனை ஏன்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2023-ம் ஆண்டு நடந்தது இது. வழக்கமான பரிசோதனைக்காகக் குழந்தைநல மருத்துவரிடம் போன சின்னஞ்சிறு குழந்தைகள் சிலரின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. காய்ச்சல் என்றோ வாந்தி என்றோ பதறிக்கொண்டு போனவர்கள் அல்ல. அங்கே சின்னக் குழந்தைக்கு எடை பார்ப்பது, தலைச்சுற்றளவு பார்ப்பது போல ரத்தத்தில் ஈயம் பார்ப்பதும் வழக்கம். அந்த வழக்கத்தில் அகப்பட்டதுதான்.

இப்படி ஒரு குழந்தைக்கு எண் ஏறினால் சுகாதாரத் துறையினர் வீட்டுக்கே வருவார்கள். முதல் சந்தேகம் பழைய வீட்டுப் பெயின்ட் மீது. பிறகு ஜன்னல் ஓரத்துத் தூசு, தோட்டத்து மண், குழாய்த் தண்ணீர். இந்த முறை அங்கெல்லாம் விடை இல்லை. என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தபோதுதான் ஒரு பொருள் பொதுவாக வந்து நின்றது: ஆப்பிள் கூழில் பட்டைத்தூள் கலந்து, உறிஞ்சிச் சாப்பிட வசதியாகச் சின்னப் பையில் அடைத்து விற்கப்பட்ட தின்பண்டம். பழம்தானே, குழந்தைக்கு நல்லதுதானே என்று வாங்கியது.

அந்த அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. ஈக்வடார் நாட்டு ஆலையில் எடுத்த பட்டைத்தூளில் பத்து லட்சம் பங்குக்கு 2,270 முதல் 5,110 பங்கு வரை ஈயம் இருந்தது. இந்த வகை மசாலாப் பொருள்களுக்குச் சர்வதேச அளவில் அப்போது பரிசீலனையில் இருந்த வரம்பு 2.5 பங்கு. தூளுக்கு நிறமும் எடையும் கூட்ட லெட் குரோமேட் என்ற சாயத்தைக் கலந்திருக்கிறார்கள் என்பதே விசாரணையாளர்களின் முடிவு. நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். அந்தச் சில குழந்தைகளின் விரலில் ஊசி குத்தாமல் விட்டிருந்தால், அந்தப் பை இன்னும் எத்தனை மாதம் கடையில் தொங்கியிருக்குமோ!

எந்த ஈயம்?

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஈயம் என்றதும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ரசம்தான் நினைவுக்கு வரும். ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி மணம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போன காலமும் உண்டு. அந்த ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். குழந்தைகளின் மூளையைப் பதம்பார்ப்பது காரீயம். பேட்டரிக்குள் இருப்பதும், முன்பு பெட்ரோலில் கலந்ததும், பெயின்ட்டில் சேர்த்ததும், 2015-ல் நூடுல்ஸ் சர்ச்சையில் அடிபட்டதும் இந்தக் காரீயம்தான். பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். மலிவு விலைச் சொம்பில் இரண்டும் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. இந்தக் கட்டுரையில் இனி ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயம்தான்.

உடம்புக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால், கால்சியத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். கால்சியம் போகும் வழியெல்லாம் இதுவும் போகும், எலும்பில் குடியேறும், மூளைக்குள்ளும் நுழையும். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எலும்புக்குப் போனதோ பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், பெரியவர்களின் குடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். தவழும் வயதில் தரையில் இருப்பதெல்லாம் கைக்கு வரும், கைக்கு வந்ததெல்லாம் வாய்க்குப் போகும். மூளை வேகமாக வளர்வதும் அதே வயதில்தான். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவருவதுதான் கொடுமை.

அளவு எவ்வளவு தெரியுமா? பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் 800 மில்லி ரத்தம் ஓடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 100 மில்லி ரத்தத்தில், அதாவது ஒரு டெசிலிட்டரில், 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்க வேண்டும். கணக்குப் போட்டால், அந்தக் குழந்தையின் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 40 மைக்ரோகிராம். தூள் உப்பில் ஒரே ஒரு மணியை எடுத்து நிறுத்தால் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இவ்வளவு குறைந்த அளவில் குழந்தை அழாது, சோராது, காய்ச்சல் வராது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாலும், கண் இமையை இழுத்துப் பார்த்தாலும் எதுவும் புலப்படாது. நாலைந்து வருடம் கழித்து வகுப்பில் கவனம் நிற்காதபோது, 'பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று ஆசிரியர் சொல்வார். அப்போது யாருக்கும் ஈயம் நினைவுக்கு வராது.

பல் சொன்ன சாட்சி

ஆசிரியர்களின் இந்த வார்த்தையையே ஆதாரமாக்கியவர் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர். மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். பல்லில் படிந்த ஈயம் ரத்தத்தில் இருப்பதுபோல ஒரே மாதத்தில் குறையாது. பழைய கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும். யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது தெரியாத ஆசிரியர்களிடம், அந்தக் குழந்தைகள் வகுப்பில் எப்படி என்று கேட்டார். 1979-ல் வெளியான முடிவு பலரையும் உலுக்கியது. ஈயம் அதிகமாக இருந்த குழந்தைகளின் புத்திக்கூர்மை மதிப்பெண் குறைவு, கவனச்சிதறல் அதிகம். இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்கும் ஈய நோய் என்று யாரும் பெயர் சூட்டியதில்லை. ஈயத் தொழில் சார்ந்தவர்கள் அவர்மீது ஆய்வு மோசடிப் புகார்வரை போனார்கள். விசாரணை நடந்தது, மோசடி இல்லை என்று முடிந்தது.

அதன் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் கவலையைக் கூட்டின. 2005-ல் ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்த ஈயம் 2.4-லிருந்து 10 மைக்ரோகிராமுக்கு உயரும்போது ஐ.க்யூ. 3.9 புள்ளி குறைகிறது; 10-லிருந்து 20-க்கு உயரும்போது மேலும் 1.9 புள்ளி மட்டுமே. அதாவது, முதல் சில மைக்ரோகிராம்தான் மிக அதிகமாகச் சேதம் செய்கிறது. 'கொஞ்சம்தானே' என்ற ஆறுதலுக்கே இடமில்லை.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் எண்களைப் பார்த்தாலும் இது விளங்கும். 1960-களில் 60 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் அங்கே கவலைப்பட்டார்கள். 1975-ல் அது 30 ஆனது, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021 அக்டோபரில் 3.5. குழந்தையின் உடம்பு மாறவில்லை, நமக்கு விவரம் புரிந்த வேகம்தான் அவ்வளவு மெதுவாக இருந்திருக்கிறது. அந்த 3.5-ம் 'இதுவரை பரவாயில்லை' என்று சொல்லும் எண் அல்ல. அந்த நாட்டுக் குழந்தைகளை அளவுவாரியாக வரிசையில் நிறுத்தினால், மேல்நுனியில் இருக்கும் 2.5 சதவிகிதத்தினரைப் பிரிக்கும் கோடு, அவ்வளவுதான். பாதுகாப்பான அளவு என்று எந்த எண்ணையும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை.

ஃபிளின்ட்: மருத்துவமனைக் கணினியில் இருந்த உண்மை

குழந்தைகளுக்குச் செய்யும் இந்தச் சாதாரணப் பரிசோதனை ஓர் ஊரையே காப்பாற்றிய கதை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் நடந்தது.

கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டு நொடித்துப்போன ஊர் அது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் நகரின் குடிநீரை மாற்றினார்கள். அதுவரை டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். ஆற்று நீருக்கு உலோகத்தை அரிக்கும் குணம் அதிகம். பழைய ஈயக் குழாய்கள் அரிக்காமலிருக்க வழக்கமாகக் கலக்கும் ரசாயனத்தையும் சேர்க்கவில்லை. தண்ணீர் கலங்கலாக வந்தது, நாறியது. பாட்டில்களில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கூட்டங்களுக்குப் போய் நியாயம் கேட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்தத் தண்ணீர் தன் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அதை நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீர் குழந்தைகளுக்கு மட்டும் ஆகும் என்று அதிகாரிகள் இன்னும் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா. ஈராக்கிலிருந்து வெளியேறிய பெற்றோரின் மகள். தண்ணீர் நல்லதுதான் என்று அரசு சொன்னதை அவரும் நம்பியிருந்தார். 2015 ஆகஸ்ட்டில் அவர் வீட்டு விருந்துக்கு வந்த பள்ளித்தோழி எலின் பெட்டான்சோ, குடிநீர்த் துறையில் நிபுணர். அரிப்புத் தடுப்பு ரசாயனம் சேர்க்கப்படவில்லை, ஈயம் கரைந்துகொண்டிருக்கும் என்று தோழியிடம் எச்சரித்தார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு ஃபிளின்ட் வீடுகளின் குழாய்த் தண்ணீரில் ஈயத்தை ஏற்கெனவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. 'தண்ணீரில் இருக்கட்டும், குழந்தைகளின் உடம்பில் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

மோனாவுக்கு அந்தப் பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ஈயப் பரிசோதனை கட்டாயம். ஃபிளின்ட்டில் அப்படிப்பட்ட குழந்தைகள்தான் அதிகம். முடிவுகள் அவருடைய மருத்துவமனைக் கணினியிலேயே இருந்தன. அவரவர் கோப்பில் தனித்தனியாகக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட 1,473 குழந்தைகளின் முடிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன், மாறிய பின் என்று பிரித்து அடுக்கினார். 5 மைக்ரோகிராமைத் தொட்டவர்கள் 2.4 சதவிகிதத்திலிருந்து 4.9 சதவிகிதமாகியிருந்தார்கள். தண்ணீரில் ஈயம் அதிகமிருந்த பகுதிகளில் 4 சதவிகிதம் 10.6 ஆகியிருந்தது.

2015 செப்டம்பர் 24-ம் தேதி அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி இதைச் சொன்னார். மாநில அரசின் பேச்சாளர்கள் உடனே மறுத்தார்கள். எண்களை வெட்டி ஒட்டுகிறார், பீதி கிளப்புகிறார் என்கிற பாணியில் பேசினார்கள். ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே, அந்த ரகத்தில் அறிக்கைகள் வந்தன. ஆனால், மாநில அரசின் சொந்தப் புள்ளிவிவரத்தை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தபோது அதுவும் மோனா சொன்னதையே சொன்னது. சில நாள்களிலேயே அரசு இறங்கிவந்தது. அக்டோபர் 16-ம் தேதி பழைய தண்ணீர் திரும்ப வந்தது.

இந்த வெற்றிக்குள் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. ஒரு வயது, இரண்டு வயது என்ற கணக்கு, தவழ்ந்து நடந்து பெயின்ட் தூசைத் தொடும் குழந்தைகளை மனதில் வைத்து வகுத்தது. தண்ணீரில் ஈயம் வந்தால் அதிகம் பாதிக்கப்படுவது தாய்ப்பாலுக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் குடிக்கும் நாலைந்து மாதக் குழந்தை. அந்த வயதில் பரிசோதனையே இல்லை. ஒரு வயதில் பார்க்கும்போது ரத்தத்தில் இருந்தது பாதிக்குப் பாதியாகக் குறைந்து எலும்புக்குப் போயிருக்கும். அதனால் ஃபிளின்ட்டின் உண்மையான எண்ணிக்கை அந்தச் சதவிகிதங்களைவிட அதிகமாகவே இருந்திருக்கும் என்கிறார் மோனா. அந்த மாநிலம் 2025 ஏப்ரல் முதல், காப்பீடு எதுவானாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பரிசோதனை என்று சட்டமாக்கிவிட்டது.

எண் வந்த பிறகு...

பரிசோதனை எளிது. குழந்தையின் விரல் நுனியில் அல்லது குதிகாலில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் ஒட்டிய தூசியில் ஈயம் இருந்தால் ரத்தத்தில் இல்லாததையும் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால், விரல் துளியில் எண் ஏறியிருந்தால் கை நரம்பிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்து உறுதிசெய்துகொண்டுதான் அடுத்த வேலை. எந்திரமும் பிசகலாம். 2017-ல் அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு பரிசோதனைக் கருவி, நரம்பு ரத்தத்தை வைத்துப் பார்க்கும்போது அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று எஃப்.டி.ஏ. எச்சரிக்க, பல குழந்தைகளுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டிவந்தது.

எண் உறுதியானதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: 'மருந்து இருக்கா டாக்டர்?' இருக்கிறது. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போனால் அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே? அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சக்சிமர் என்ற மருந்தையும் மற்றதற்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்த ஈயம் குறைந்தது. ஆனால், 2001-ல் முடிவு வந்தபோது, அறிவுத்திறனில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. ரத்தத்தைத் துடைக்கலாம், மூளையில் ஏற்கெனவே நடந்ததைத் துடைக்க முடியாது.

எனவே, குழந்தைநல மருத்துவரின் வேலை மருந்துச் சீட்டோடு முடிவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அப்பா என்ன வேலை செய்கிறார்? வீடு எப்போது கட்டியது? சுவர்ப் பெயின்ட் உரிகிறதா? என்ன மை, என்ன பொட்டு, என்ன நாட்டு மருந்து? குழந்தை மண் தின்கிறதா? கேள்விகள் இப்படிப் போகும். வீட்டில் மற்ற குழந்தைகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் சாப்பாட்டைச் சரிசெய்வார். துடைப்பத்தால் வறட்டென்று பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார். பெருக்கினால் தூசி எழுந்து திரும்பவும் குழந்தை தவழும் தரையில்தான் படியும். ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை. எண் இறங்கினால் ஓட்டை அடைபட்டது என்று அர்த்தம். இறங்காவிட்டால் இன்னும் தேட வேண்டும்.

இந்தத் தேடலில் இந்தியச் சாமான்களும் அடிக்கடி சிக்குகின்றன. நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. அங்கே வாழும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. எண் ஏறினால் வருபவர் பெட்டியில் கொண்டுபோனதையெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்வார். சுர்மா எனப்படும் கண் மையில் ஈயத் தாது இருக்கலாம். குங்குமத்திலும் சிந்தூரத்திலும் சிவப்பு நிறத்துக்காக ஈயச் சாயம் கலந்திருக்கலாம். 2012-ல் நியூயார்க் நகரில், இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு ஏறியிருந்ததை சி.டி.சி. பதிவு செய்தது. தாயின் ரத்தத்தில் இருப்பது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். அடுத்தது பாத்திரம். வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்கன் அகதிக் குழந்தைகளின் எண் ஏன் இறங்கவில்லை என்று தேடியவர்கள், அவர்கள் கொண்டுவந்த அலுமினிய பிரஷர் குக்கர்களில் ஈயம் கசிவதைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கையில் பித்தளை, அலுமினியத்தோடு 'இண்டாலியம்' என்ற பெயரும் இருந்தது. நம் வீட்டுக் குழம்புச் சட்டியின் பெயர்தான். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது பாத்திரத்தின் உலோகம் கூடுதலாகக் கரையும்.

சென்னையில் என்ன நிலை?

வெளிநாட்டுக் கதையாகவே இதைப் படித்துவிட்டுப் போக முடியாது. 2005, 2006 ஆண்டுகளில் சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. 756 குழந்தைகளின் சராசரி ரத்த ஈயம் 11.4 மைக்ரோகிராம். இன்று அமெரிக்கக் குழந்தைகளின் சராசரி ஒன்றுக்கும் கீழே. சென்னையிலும் ஆசிரியர்களிடம்தான் குழந்தைகளைப் பற்றிக் கேட்டார்கள். ஈயம் கூடக்கூடப் பதற்றமும் கவனச்சிதறலும் கூடுவது தெரிந்தது. 26 வருடங்களுக்கு முன் மாசசூசெட்ஸ் ஆசிரியர்கள் சொன்னதன் தமிழ்நாட்டுப் பதிப்பு!

நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. ஆகவே, அந்தக் குழந்தைகளின் எண்ணில் பழைய பெட்ரோலின் மிச்சமும் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2020-ல் யுனிசெஃப், 'பியூர் எர்த்' அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி. இது ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கு. ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து எண்ணியது அல்ல. எண்ணுவதற்கு இங்கே வழக்கமான பரிசோதனையே கிடையாது.

பிறகு மஞ்சள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கையின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்த ஆய்வு 2024-ல் வந்தது. 356 மாதிரிகளில் 14 சதவிகிதத்தில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. மிக மோசமானவை பாட்னாவிலும் பாகிஸ்தான் நகரங்களிலும் வாங்கியவை. இந்திய வரம்பான 10 மைக்ரோகிராமைத் தாண்டியவற்றில் சென்னையில் வாங்கியதும் இருந்தது. பாக்கெட் தூளை நம்பாதே, கிழங்கு வாங்கி மில்லில் அரை என்பது வீட்டுப் பெரியவர்களின் அறிவுரை. இந்த ஆய்விலோ பளபளவென மின்னும் பாலிஷ் போட்ட கிழங்கில்தான் ஈயம் அதிகம். கிழங்கு வாங்கலாம், சொரசொரப்பாக, மங்கலாக இருப்பதை வாங்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் குழந்தைநல மருத்துவரின் அறையில் அன்றாடம் வந்து உட்காரும் விஷயம் ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். ஈயமோ ஹீமோகுளோபின் உருவாவதையே தடுத்து ரத்தசோகையை இன்னும் மோசமாக்கும். ரத்தசோகை உள்ள குழந்தைதான் மண் தின்னும், சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டும். மண்ணில் ஈயம் இருந்தால் சுற்று முழுதாகிவிடும். 'மண்ணு திங்குறான் டாக்டர்' என்று அம்மா சொன்னதும் பூச்சி மருந்தும் இரும்பு டானிக்கும் எழுதிக் கொடுப்பது சரிதான். ஆனால், டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாத குழந்தைக்காவது ஒருமுறை ஈயம் பார்ப்பது எத்தனை பேருடைய நினைவில் இருக்கிறது?

எல்லாக் குழந்தைக்கும் நாளையே பரிசோதனை என்பது இங்கே ஆகாத காரியமாகத் தோன்றலாம். கருவியும் ஆய்வகமும் வேண்டும். எண் ஏறினால் வீட்டுக்குப் போய்த் தேட ஆளும் வேண்டும். இல்லையென்றால் பெற்றோருக்குப் பயம் மட்டுமே மிச்சமாகும். ஆனால், யாரை முதலில் பார்ப்பது என்பது அவ்வளவு கஷ்டமான கேள்வியல்ல. பழைய பேட்டரி உடைக்கும் இடம், பேட்டரிக் கடை, உலோகம் உருக்கும் பட்டறை, பெயின்ட் சுரண்டும் வேலை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும், அங்கே வேலை செய்பவர்களின் குழந்தைகளும் முதல் வரிசை. மண் தின்பவர்கள், பேச்சோ வளர்ச்சியோ தாமதமானவர்கள், காரணம் புரியாத ரத்தசோகை உள்ளவர்கள் அடுத்த வரிசை. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தடுப்பூசிக்காக எப்படியும் குழந்தை மருத்துவமனைக்கு வருகிறது. 'வீட்டில் யாராவது பேட்டரி வேலை, பெயின்ட் வேலை பார்க்கிறார்களா?' என்று கேட்க ஊசி போடும் நேரம் போதும். அமெரிக்காவிலும் ரத்தம் பார்ப்பது கட்டாயமில்லாத இடங்களில் இப்படிக் கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரிய ஆய்வகங்களில் இந்தப் பரிசோதனை இப்போதே கிடைக்கிறது. சந்தேகம் இருக்கும் பெற்றோர் குழந்தைநல மருத்துவரிடம் 'பிளட் லெட் லெவல்' என்று கேட்கலாம். ஈயத்தின் பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் சீரத்தைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது பயன்படாது. முழு ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். தலைமுடியையோ நகத்தையோ வாங்கிக்கொண்டு ஈயம் சொல்கிறேன் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். முடிவு எதுவானாலும் பட்டறையிலிருந்து வரும் அப்பா வாசலிலேயே சட்டையை மாற்றி, கை, கால், முகம் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம், தனி வாளியில் துவைக்கலாம்.